நடுப்பலகைக்குள் ஒரு சத்தம்

படகைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தால், உட்காருவதற்கான அதன் நடுப்பலகைக்குள் ஏதோ ஒன்று உருளும். ஒரு முனையில் 'டிங்' என்று இடித்துவிட்டு, தகட்டின் மேல் கரகரவென்று ஓடி, மறுமுனையில் போய் நிற்கும். பலகை என்று பேர்தானே தவிர, அது நான்கு பக்கமும் ரிவெட்டு ஆணி அடித்து மூடிய அலுமினியப் பெட்டி. உள்ளே இருப்பது என்ன என்று பார்க்க வழியே கிடையாது. அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று என் வீட்டுக்காரரிடம் நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன்.

தையல் மிஷின் வாங்கப் போன மனிதர் அவர். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக ஊரைக் காலி செய்துகொண்டிருந்த காலம். பங்களாக்களில் மேசை, நாற்காலி, கிராமபோன், நாய்க்குட்டி என்று எல்லாம் விலைக்கு வந்தன. ஒரு துரைசானியின் தையல் மிஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைனில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அதற்கு ஜன்னலோரமாக இடம்கூட ஒதுக்கி வைத்துவிட்டேன். நான் அப்போது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாலையில் தெருமுனையில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், வெள்ளி மாதிரி மின்னும் ஒரு பெரிய தகடு கவிழ்ந்தபடி நடந்து வருகிறது. அதன் கீழே பன்னிரண்டு கால்கள். ஆள் ஒருவரும் தெரியவில்லை. ஆனால் முன்னால் வந்த இடது கெண்டைக்காலில், கல் விழுந்து பிளந்த தழும்பு தெரிந்தது. தாலி கட்டியவரை அடையாளம் காண எனக்கு அது போதுமே. தகட்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "டீச்சரம்மா, மிஷின் நேத்தே வித்துப்போச்சாம்" என்றார். மிஷின் அப்போதும் அங்கேதான் இருந்தது என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லக் கூடாது.

அவர் டிம்பர்மேன். பூமிக்கடியில் பாறை இடிந்து விழாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. விடிவதற்குள் ஆளிறக்கும் கூண்டில் இறங்கினால், மேலே வரும்போது உடம்பெல்லாம் உப்புப் பூத்திருக்கும். வேலை நேரம் முழுக்க அண்ணாந்து பார்ப்பதே பிழைப்பு, எந்தக் கல்லில் கீறல் விட்டிருக்கிறது என்று. ஏறிய படகு என்று ஒன்று அவர் வாழ்க்கையில் இல்லை. மீன் பிடிக்கவும் தெரியாது. பிறகு ஏன் வாங்கினீர்கள் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "பாத்தேன், பிடிச்சிது" என்பார். அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பங்களாவிலிருந்து வரும் வழியில் சுரங்கத்து கேட்டில் காவல்காரர் மறித்திருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு பொருள் கனமாக இருந்தாலும் சந்தேகம், உள்ளே காலியாக இருந்தாலும் சந்தேகம். சாப்பாட்டுத் தூக்கையே மூன்று முறை தட்டிப் பார்ப்பவர்கள், படகை விடுவார்களா? தட்டினார், குலுக்கினார், நடுப்பலகையில் காதை வைத்தார். சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஆறு பேரையும் நிற்க வைத்துவிட்டார். நல்லவேளையாக, படகின் அடி ஓட்டையை அடைக்கிற, கொடுக்க மறந்துபோன ஒரு ரப்பர் தக்கையை எடுத்துக்கொண்டு துரையே பின்னால் சைக்கிளில் வந்து சேர்ந்தார். காவல்காரரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துப் போய், தக்கையைக் கையில் கொடுத்து ஏதோ சொல்ல, இருவரும் சிரித்திருக்கிறார்கள். தூக்கி வந்த மற்ற ஐந்து பேருக்கும் பேச்சு கேட்கவில்லை, சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. அன்று இருட்டுவதற்குள் லைன் முழுக்கச் செய்தி போய்விட்டது: துரை பலகைக்குள் தங்கத்தை மறைத்து வைத்துவிட்டு, எடுத்துப் போக முடியாமல் விட்டுப் போகிறார்.

படகு எங்கள் வீட்டைவிட நீளம். சந்தில் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தோம். அடியில் பக்கத்து வீட்டுக் கோழி அடைகாத்தது. மேலே போட்ட மிளகாய் ஒரே வெயிலில் காய்ந்ததால், நான்கு வீட்டுப் பெண்கள் இடத்துக்குச் சண்டை போட்டார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவருடன் ஒன்றாக வேலை செய்த கூட்டாளி தினமும் வந்து, "உள்ள இன்னாமோ கீதுண்ணா. ஒரே ஒரு தட்டு தட்டுனா தெரிஞ்சிப்பூடும்" என்பார். இவர் மட்டும் அசையவில்லை. "அந்த மூணு பலகைப் பொட்டியிலயும் இருக்கற காத்துதான் தூக்கி நிறுத்துதாம். தொறந்துட்டா அப்புறம் அது படகே இல்ல, குளிக்கிற தொட்டி" என்றார். உள்ளே இருப்பது தங்கமா என்று கேட்டால் மட்டும் மீசையைத் தடவிக்கொள்வார்.

உள்ளதைச் சொல்கிறேன், லைனிலேயே அதிகம் ஆசைப்பட்டவள் நான்தான். ஒரு விரற்கடைத் தங்கம் போதாதா, மிஷின் வந்துவிடாதா என்று இருந்தது. ஒரு நாள் அவர் ஷிப்டுக்குப் போன பிறகு, நடுப்பகலில், உளியும் சுத்தியலுமாகப் போய், தெருப் பையன்களைப் படகை நிமிர்த்தச் சொன்னேன். பக்கத்து வீட்டம்மாள், விழுகிற தங்கம் சாக்கடையில் ஓடிவிடக் கூடாதே என்று முறத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். ஓங்கி ஓர் அடி. தகட்டில் நகத்தளவு பள்ளம் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கும்போது ஷிப்டு முடிந்த சங்கு ஊதியது. ஊதட்டும், அவர் மேலே வந்து சேர நேரமாகும் என்று அடித்திருக்கலாம். ஏனோ கை வரவில்லை. உளியை மடியில் வைத்துக்கொண்டு படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

வந்தார், பார்த்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். பள்ளத்தை மட்டும் விரலால் தடவிவிட்டு, "மிஷினுக்குன்னு வெச்ச பணம், உன்து. அதனால பொட்டியும் உன்துதான், ஒடைச்சிக்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா தண்ணியில என்கூட வந்து உக்காரு. அப்புறம் நானே உளியப் பிடிக்கிறேன்" என்றார். முறம் ஏந்திய அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கம் தள்ளிப்போன துக்கமாகவும் இருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டு வண்டியில் படகை ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டி, பேத்தமங்கலம் ஏரிக்குப் போனோம். கூடவே லைனில் பாதி. புதிதாக எது வாங்கினாலும் பூசை போடாமல் தொடக்கூடாதே. மஞ்சள் குங்குமம் வைத்தாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. படகுக்குச் சக்கரம் கிடையாதே. கடைசியில் கரையில் வைத்து, அதன் மேலேயே படகைத் தள்ளுவது என்று முடிவானது. தேங்காய் உடைத்த தண்ணீர், தெளித்த பால், கரைத்த மஞ்சள் எல்லாமாகப் படகுக்குள் குளம் கட்டி நின்றது. அதைக் கண்ட கூட்டாளிக்குப் பொறுக்கவில்லை. சுரங்கத்தில் இருபது வருஷம் இருந்தவனுக்கு, காலடியில் தண்ணீர் நின்றால் அது வடிய வழி செய்வதுதான் முதல் வேலை. பின்பக்கம் அடியில் இருந்த ரப்பர் தக்கையைக் கண்டார், பிடுங்கினார், தண்ணீர் அழகாக வடிந்தது. தக்கையைப் பத்திரமாகத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் நசுங்க, எல்லோரும் 'ஓ'வென்று கத்த, நாங்கள் இருவரும் ஏரிக்குள் போனோம்.

நான் நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தேன். அவர் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டதில் படகு முதலில் ஒரே இடத்தில் சுற்றியது, பிறகு எப்படியோ நேரானது. கரைச் சத்தம் குறைந்ததும் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு, முன்பலகையில் தலை சாய்த்து மல்லாந்தார். அன்று ஒரு மேகம்கூட இல்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீச்சரம்மா, மேல பாரேன். ஒண்ணுமே இல்ல. விழறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஒரு மனிதர் ஏன் படகு வாங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கால் நனைகிறதே என்று உணர்ந்தேன்.

குனிந்து பார்த்தால் கணுக்கால் வரை தண்ணீர். நான் போட்ட கூச்சல் கோலார் வரை கேட்டிருக்கும். கரையில் கூட்டாளி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், தக்கையை எடுத்தார், தலையில் அடித்துக்கொண்டார். கூண்டை மேலே இழுக்க மணி அடிப்பதுபோல் பூசைத் தட்டைக் கரண்டியால் அடி அடி என்று அடித்தார். இழுக்கத்தான் கயிறு இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. முருகா என்று கண்ணை மூடினேன். அதற்கு மேல் ஏறவில்லை. கண்ணைத் திறந்தேன். படகின் விளிம்பும் ஏரியும் ஒரே மட்டம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நாங்கள் தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கும். பெட்டிகளில் இருந்த காற்று எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் உளி வைத்த பெட்டியும் அதில் ஒன்று. அன்று இரண்டாவது அடியை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடி, அந்தப் பள்ளத்தைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிடிக்க வலைகூட இல்லாத எங்கள் படகுக்குள் ஒரு சின்னக் கெண்டை தானாக நீந்தி வந்து, என் முந்தானையில் சிக்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்பவாச்சும் சொல்லுங்க, உள்ள இன்னாதான் இருக்கு?"

"ரிவெட்டு. செய்யும்போதே உள்ள ஒண்ணு விழுந்துட்டுதாம். தொரை அன்னிக்கே சொன்னாரு."

"அப்ப ஏன் இத்தினி நாளா வாயத் தொறக்கல?"

"ரிவெட்டுன்னு சொன்னா எவன் நம்புவான்? நம்பிட்டாலும் கஷ்டம். இத்தாம்பெரிய படகத் தூக்கறதுக்கு யாரு வருவா?"

மடியில் கெண்டையோடு, ரிவெட்டை மறைத்த குற்றத்தில் நானும் பங்காளியானேன். துடுப்பால் நீரைத் தள்ளித் தள்ளி, படகு மூழ்கவும் இல்லாமல் மிதக்கவும் இல்லாமல் கரைக்கு வந்து சேர்ந்தோம். உளியை நான் அதன் பிறகு தொடவில்லை. மிஷினை அடுத்த தீபாவளிக்கு நான் கேட்காமலே வாங்கி வந்தார். படகுக்கும் அதற்கும் சேர்த்து மூடுதுணி தைத்ததுதான் அதில் நான் செய்த முதல் வேலை.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! படகை வண்டியில் ஏற்ற என்று அவர் யாரையும் கூப்பிட்டதே இல்லை. ஒரு பக்கம் தூக்குவார், உள்ளே உருளும், உடனே பத்துப் பேர் ஓடி வருவார்கள். தங்கத்தைப் பிரிக்கும் நாளில் பக்கத்தில் இருக்க வேண்டுமே. மெல்ல மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிடித்ததை லைன் முழுக்கப் பங்கு வைத்தார். ஒருவருக்கும் தங்கம் கிடைக்கவில்லை, ஆனால் ஞாயிறு என்றால் எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்தது. கூட்டாளி மட்டும் கடைசி வரை நம்பினார். தன் மகள் கல்யாணத்தின்போது என் காதருகே வந்து, "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லுங்க, இப்ப தொறந்தா சரியா இருக்கும்" என்றார். சிரிப்பை அடக்க நான் பந்தலைவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது.

அவர் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. சுரங்கமும் மூடியாயிற்று. போன மாதம் பங்காருபேட்டையில் மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவானது. சாமான்களை ஏற்ற இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். சந்தில் கவிழ்ந்து கிடந்த படகைப் பார்த்துவிட்டு, "இது இன்னாத்துக்கு ஆயா? எடைக்குப் போட்டுடலாம். நாங்க ரெண்டே பேரு, தூக்க முடியாது" என்றார்கள். நான் விளிம்பைப் பிடித்து என்னால் முடிந்த மட்டும் சாய்த்தேன். 'டிங்' என்றது. கரகரவென்று ஓடியது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள இன்னா ஆயா?"

நடுப்பலகையில் அந்த நகத்தளவுப் பள்ளம் விரலில் பட்டது. "துரை வெச்சுட்டுப் போன தங்கம்னு சொல்லுவாங்கப்பா" என்றேன், அவரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு. ஒருவன் உடனே போனை எடுத்தான். கால் மணி நேரத்தில் இன்னும் நான்கு பேர் வந்துவிட்டார்கள். படகைக் கவிழ்த்தபடியே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சந்து வழியாக வண்டிக்கு நடந்தார்கள். ஆள் ஒருவரும் தெரியவில்லை. பன்னிரண்டு கால்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அவர் இல்லை என்று தெரிந்தும்கூட, முன்னால் போன இடது காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தழும்பு இல்லை. படகு சாயும்போதெல்லாம் ரிவெட்டு உருண்டது. நான் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.