ஆரன் அடிக்காதவர்

"லாரியிலயே ஏறாத புள்ள, லாரிப் படம் எழுதறியாக்கும்?" என்று பெரியப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். தெரியாததைப் போய்ப் பார்த்து எழுதத் தெரியும்.

இரண்டு தோழிகள் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போகும் கதை. வழியில் ஒருத்திக்கு மற்றவள்மேல் ஆசை வருகிறது. அவள் அதைச் சொல்லும் காட்சியை ஐந்து பக்கம் எழுதியும் பொய்யாகவே இருந்தது.

அதற்காகத்தான் ஒரு மதியம் நாமக்கல்லில் லாரி ஏறினேன். ஓட்டியவருக்கு நரைத்த மீசை, தோளில் ஈரத்துண்டு. பின்னால் மாற்று டிரைவர் தூங்கினார். ஓமலூர்வரை இவர் ஒருமுறைகூட ஆரன் அடிக்கவில்லை. மாடு குறுக்கே வந்தபோதும் வண்டியை நிறுத்தி, துண்டை வீசித்தான் விரட்டினார்.

"ஏனுங்க, ஆரன் வேலை செய்யாதுங்களா?"

"செய்யுமுங்க சாமி. அவன் தூங்கறானே."

"இந்த இஞ்சின் சத்தத்துல தூங்கறவரு ஆரனுக்கா முழிச்சுக்குவாரு?"

"முழிக்க மாட்டான். பதனெட்டு வருசமா பாக்கறேன், இடி உழுந்தாலும் முழிக்க மாட்டான். எனக்குத்தான் மனசு வராதுங்க."

அது நட்பு மட்டும்தானா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஐந்து பக்கத்தையும் கோடு போட்டு அடித்தேன். ஒருத்தி தூங்குகிறாள், மற்றவள் பள்ளம் பார்த்து ஓட்டுகிறாள். அவ்வளவுதான் காட்சி. தூங்குகிறவளுக்கு என் தோழியின் பெயரையே வைத்து, நேற்று அவளுக்கே அனுப்பிவிட்டேன்.