அனம்பாஸ் கடலில் சம்சுன்னிசா

சிங்கப்பூர் தேக்காவைச் சுற்றி நூல் விற்கிற கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் சம்சுன்னிசாவைத் தெரியும். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவளைக் கண்டால் கொஞ்சம் உதறலும் உண்டு. கேம்பல் லேனில் ஓர் ஒடுக்கமான கடையில் இருபத்தேழு வருடமாக பிளவுஸ் தைக்கிறாள். நூல் வாங்க வந்தால் லேசில் போக மாட்டாள். துணியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே, அஞ்சடி நடைபாதைக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டிப் பிடித்துப் பார்ப்பாள். டியூப்லைட்டை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. அதிலும் கறுப்பு நூல் என்றால் போச்சு, அரை மணி நேரம் ஓடிவிடும்.

"எல்லாம் ஒரே கறுப்புதானே அக்கா, சீக்கிரம் எடுங்க" என்று கடைக்காரர் செல்வராஜ் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார், பாவம்.

"ஒரே கறுப்பா? இது நீலக் கறுப்பு. இது காக்கிக் கறுப்பு. கண்ணக் கழுவிட்டு வந்து பாருங்க" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அன்றிலிருந்து அவர் வாயே திறப்பதில்லை.

தையல் மெஷினையும் தெருவையும் விட்டு எங்கும் போகாத அப்பேர்ப்பட்டவள், போன மே மாதம், இந்தோனேசியாவின் அனம்பாஸ் தீவுகளுக்கு நடுவே, ஒரு பாய்மரப் படகின் முனையில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால், அதற்குக் காரணம் ஒரே ஆள்தான். அவள் கணவர் ஃபாரூக்.

ஃபாரூக் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். மலை போன்ற கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தவர். வேலையை விட்டதும் மற்றவர்களைப் போல புக்கிட் பாஞ்சாங்கில் தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கலாம். மனுஷன் அப்படிச் செய்யவில்லை. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து முப்பதடி நீளத்தில் ஒரு பழைய படகை வாங்கிவந்து, இரண்டு வருடம் அதோடேயே குடித்தனம் நடத்தினார். கிழிந்த பாயைத் தைத்துக் கொடுத்தது யார்? சம்சுன்னிசாதான், திட்டிக்கொண்டே தைத்தாள். படகின் அடியில் சிவப்புப் பெயிண்ட் அடிக்கும்போது பாதியில் தீர்ந்துபோக, வேறொரு டப்பாவில் மிச்சமிருந்ததை அவர் எடுத்தார்.

"ரெண்டும் ஒரே சிவப்பு இல்ல மச்சான்" என்றாள் அவள்.

"தண்ணிக்கு அடியில யாரு புள்ள பாக்கப் போறா?"

அதுவும் சரிதான். சிங்கப்பூர்க் கடலில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. பாசிப்பயறு வெந்த தண்ணீர் மாதிரி அப்படி ஒரு கலங்கல்.

மகள் ஹம்னா, "வாப்பாவுக்குப் பைத்தியம்லா உம்மா. You can't even swim! போகாதீங்க" என்று போனில் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். சம்சுன்னிசா யோசித்து ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"ஒரே ஒரு பயணம் வர்றேன் மச்சான். அது முடியறதுக்குள்ள நான் வேணாம்னு சொன்னா, படகை வித்துடணும். மறுபேச்சு பேசக்கூடாது."

"முடிவு உன் கையிலதான்" என்றார் ஃபாரூக். சொல்லும்போதே அவர் முகம் சுருங்கிப்போனது. அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் பதிலை மனத்துக்குள் முடிந்து வைத்துக்கொண்டுதான் படகில் ஏறினாள். வேண்டாம் என்பதுதான் அந்தப் பதில். வழியெல்லாம் குடலைப் பிடுங்கி வாந்தி எடுத்தபோது அது இன்னும் கெட்டியாயிற்று. எப்போது சொல்வது என்பதுதான் பாக்கி.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, இரண்டு தீவுகளுக்கு நடுவே பாயை இறக்கிவிட்டு எஞ்சினைப் போட்டு மெல்ல நுழைந்தார்கள். இதோ சொல்லிவிடலாம் என்று சம்சுன்னிசா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

தண்ணீரைக் காணோம்.

சத்தியமாகக் காணோம். கீழே வெள்ளை மணல் தெரிந்தது, மணலில் காற்று வரைந்தது போன்ற வரிகள் தெரிந்தன. அதன்மேல் படகின் நிழல் ஊர்ந்துகொண்டிருந்தது. நிழலின் முனையில் சின்னதாக ஒரு உருண்டை. அது தன் தலைதான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையைத் தூக்கினாள். கடலடியில் ஒரு கை தூக்கிற்று. மஞ்சள் மீன்கள் கூட்டமாக அவள் நிழலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தன. படகு மிதக்கிற மாதிரியே இல்லை, அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது. எத்தனையோ கல்யாணத்துக்கு எத்தனையோ மெல்லிய துணிகளைத் தொட்டுப் பார்த்தவள் அவள். இப்படி இருந்தும் இல்லாத ஒன்றை அவள் கண்டதில்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. ஐம்பத்தாறு வருடம் இதைப் பார்க்காமலா இருந்தோம் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருந்து ஃபாரூக் அலறினார்.

"யா அல்லாஹ், தரை தட்டப் போகுது!"

வேறொன்றுமில்லை, அவரும் அப்போதுதான் கீழே குனிந்து பார்த்திருந்தார். முப்பத்தொரு வருடம் கடலில் இருந்தவர், ஒருநாளும் கடலின் அடியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய துறைமுகத்தில் வெளிறிய தண்ணீர் என்றால் சேற்று மேடு, கறுத்த தண்ணீர் என்றால் ஆழம். இங்கே எல்லாப் பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது, மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றியது. ஆழம் காட்டும் மீட்டரைப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வலப்பக்கம் கறுப்பாக ஓர் இடம் தெரிந்ததும் படக்கென்று சுக்கானைத் திருப்பி, அதை நோக்கி வேகமாக விட்டார்.

முனையில் இருந்த சம்சுன்னிசாவும் அந்தக் கறுப்பைப் பார்த்தாள். வெயில் நேர் மேலே நின்றது. அஞ்சடியில் கூட அவளுக்கு இவ்வளவு நல்ல வெளிச்சம் கிடைத்ததில்லை. சற்று முன் தீவுக்கு வெளியே கடந்து வந்த ஆழமான கடலும் கறுப்புத்தான், ஆனால் அது நீலக் கறுப்பு. இது அதுவல்ல. இதில் பழுப்பு ஓடுகிறது.

"மச்சான், அங்க போகாதீங்க! அது ஆழமில்ல!"

"நீ உட்காரு புள்ள! மீட்டர் ஒம்பது மீட்டர் காட்டுது!"

மீட்டருக்கு என்ன தெரியும்? படகுக்கு நேர் கீழே இருப்பதுதான் தெரியும், முன்னால் வருவது தெரியாது. படகின் அடிப்பாகம் ஐந்தடி தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. மோதினால் விற்பதற்குக் கூட ஒன்றும் மிஞ்சாது. படகு தொலையட்டும் என்றுதானே மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்? இப்போது அந்த நினைப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டு வருடம் சிராய்ப்புக் கையோடு வீட்டுக்கு வந்து சோறு தின்ற மனுஷனின் முகம்தான் கண்முன் நின்றது. ஐயோ, இந்தப் படகு உடையக்கூடாது.

எழுந்து நின்றாள். தேக்கா நூல்கடைகளை நடுங்க வைத்த அந்தக் குரலை எடுத்தாள்.

"அது காக்கிக் கறுப்பு மச்சான்! முப்பது வருசமா நீங்க சொன்னத நான் கேட்டேன்லா? இன்னிக்கு ஒருநாள் நான் சொல்றதக் கேளுங்க! வெள்ளைப் பக்கம் திருப்புங்க!"

ஃபாரூக் மீட்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானை முழுக்கத் திருப்பினார்.

மீட்டர் மளமளவென்று இறங்கியது. ஆறு. நாலு. இரண்டரை. படகு சாய்ந்து திரும்பும்போது அவள் காலடியிலேயே கடல் எழுந்து வந்தது. பெரிய பெரிய பவளப் பாறைகள், பழுப்பும் ஊதாவுமாக, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே. ஒரு நீல மீன் பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி அவளைப் பார்த்தது. இரண்டு கை தூரம், அவ்வளவுதான். பிறகு வெள்ளை மணல் வந்தது. மூன்று, ஐந்து என்று மீட்டர் ஏறி, ஐந்திலேயே நின்றது.

ஃபாரூக் நங்கூரத்தைப் போட்டு எஞ்சினை அணைத்தார். அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"வித்துடலாம் சம்சு" என்றார். "முப்பத்தொரு வருசம் ஓட்டினேன்னு பேருதான். கண்ணு முன்னால பாறை நிக்கிது, எனக்குத் தெரியல. உன்னைக் கொன்னுருப்பேன். நீ வேணாம்னு சொல்ல வேண்டியதே இல்ல. நானே வித்துடறேன்."

சம்சுன்னிசா முனையிலிருந்து அவரிடம் வந்தாள். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கினாள். நீச்சல் கண்ணாடியை முகத்தில் மாட்டினாள்.

"ஏணியை இறக்குங்க."

"என்ன புள்ள, உனக்கு நீச்சல் தெரியாதே!"

"ஏணியைப் பிடிச்சுக்கிறேன்லா. இறக்குங்க."

ஒவ்வொரு படியாகப் பிஸ்மி சொல்லி இறங்கினாள். இடுப்பு வரை, மார்பு வரை. ஒரு கையால் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முகத்தை உள்ளே விட்டாள். அவ்வளவு நேரம் மேலிருந்து பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. வெயில் சரம் சரமாக மணலில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. மீன்கள் அவளை ஓர் ஆளாகவே மதிக்காமல் காலுக்கு இடையில் போய்வந்தன. இத்தனையையும் படைத்தவன் யாருக்காகப் படைத்தான், யாரும் பார்க்காத இந்த இடத்தில் இவ்வளவு நிறத்தை ஏன் கொட்டினான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிலிர்த்தது. மெல்லத் தலையைத் திருப்பினாள். படகின் அடிப்பாகம் முழுசாகத் தெரிந்தது, ஒரு கீறல் கூட இல்லாமல்.

முகத்தை வெளியே எடுத்தவள், மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"கண்றாவி! பாதி செங்கல் சிவப்பு, பாதி தக்காளிச் சிவப்பு. இந்தத் தண்ணியில அத்தனை மீனும் பாக்குது மச்சான், மானம் போகுது. அடுத்த தடவை பெயிண்ட் வாங்க நானும் வர்றேன். வெளிச்சத்துல வச்சுப் பாத்துத்தான் வாங்கணும்."

ஃபாரூக் ஏணியின் மேல்படியில் மண்டியிட்டார். சரியாகத்தான் கேட்டோமா என்று அவருக்குச் சந்தேகம்.

"அடுத்த தடவையா?"

"முடிவு என் கையிலன்னுதானே சொன்னீங்க?" என்று சொல்லிவிட்டு, சம்சுன்னிசா மறுபடியும் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள்.