எட்டுக்கு நாற்பத்திரண்டு

லப்பைக்குடிகாட்டு உபைத் ஷார்ஜாவில் ஏழு வருஷம் வேலை பார்த்தது வேட்டைச் சாமான் கடை ஒன்றில். ராஜாளி வளர்ப்பவர்களுக்கான தோல் கையுறை, பாலைவனக் கூடாரம், துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப், பைனாகுலர் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். கண்ணாடிச் சாமான்கள் முழுக்க உபைத் பொறுப்பு.

அவன் நீட்டுவதை மறுபேச்சில்லாமல் வாங்கிப்போகும் அரபிகள் இருந்தார்கள். கடையிலேயே விலை கூடியதை அவன் நீட்டமாட்டான், அதனால்தான். பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலரைக் கேட்பவரிடம், "ஜீப்புல குலுங்கிக்கிட்டே பாக்கப் போறீங்க, கை ஆடுற ஆட்டத்தையும் அது பன்னண்டு மடங்கு காட்டும்" என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொல்லிவிடுவான். எட்டு மடங்கு போதும். முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம் இருந்தால் மங்கல் வெளிச்சத்திலும் பறவை தெரியும். எட்டுக்கு நாற்பத்திரண்டு, உள்ளே ஈரம் புகாமல் அடைத்தது, நடுத்தர விலை. ஸ்கோப் கேட்டால் அதை மேஜையில் அசையாமல் பொருத்தி, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கச் சொல்வான். நடுவிலுள்ள குறுக்குக் கோடு குறியை விட்டு நகர்ந்தால் அது எவ்வளவு பளபளத்தாலும் அலமாரிக்கே திரும்பிப் போகும்.

அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர் கவுஸ். ஒரே தெருக்காரர், பத்து வயது மூத்தவர், கடையின் ஸ்டோர் கீப்பர். 1997-இல் ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் விலை உயர்ந்த பைனாகுலர் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வீசினார். உபைத் எடுத்துப் பார்த்தான். பெட்டி நிஜம், முத்திரை நிஜம், உள்ளே இருந்தது போலி. பார்த்ததை முதலாளியிடம் அப்படியே சொன்னான். ஸ்டோரில்தான் யாரோ மாற்றியிருக்க வேண்டும் என்றான். முதலாளி கவுஸின் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி அலமாரி சாவி இவன்ட்டதான் இருக்கும்" என்றார் கவுஸ். உபைத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா நான் எடுக்கலண்ணே. உங்களுக்குத் தெரியும்ல?"

கவுஸ் ஸ்டோருக்குள் போய்விட்டார். மூன்றாம் நாள் விசாவை ரத்து செய்து உபைத்தை விமானம் ஏற்றினார்கள். அவன் வந்து சேரும் முன்பே பேச்சு லப்பைக்குடிகாட்டுக்கு வந்துவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்தவரே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த வாரம் அவனைப் பெற்ற அத்தா வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வேறு ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனார்.

உபைத் ஊரில் இருக்கவில்லை. அரியலூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். மர்ஜியாவைக் கட்டிக்கொண்ட பிறகு கடைக்குப் பின்தெருவில் வாடகைக்கு வீடு பார்த்தான். நல்ல தொழில்காரன் என்று பெயர் வந்தது. ஆனால் சக்கரத்தில் கண்ணாடி தேயும் சத்தத்தினூடே அவன் மனசு ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. கவுஸை ஒரு நாள் நாலு பேர் நடுவில் நிறுத்த வேண்டும். அவர் பேச்சு எடுபடக் கூடாது. மர்ஜியா எத்தனையோ தடவை, "சபர் செய்யுங்க, பொறுமையா இருங்க, அல்லாஹ் பாத்துக்குவான்" என்று சொல்லியிருக்கிறாள்.

"அவன் பாக்கட்டும். நானும் பாக்கணும்" என்பான்.

2004-இல் கவுஸ் ஊர் திரும்பிப் பெரம்பலூரில் ஃபாரின் சாமான் கடை போட்டார். உபைத் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த வருஷம் ஆடி மாசத்தில் அவரே வந்தார்.

அரியலூருக்கு வெளியே ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வெடி வைக்கும் முன்பு மேட்டில் நிற்கும் காவலாளிகள் சுற்றுவட்டாரத்தில் ஆளோ ஆடோ இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் திரி பற்றவைக்க வேண்டும். அவர்களுக்கு ஆறு பைனாகுலர் வேண்டியிருந்தது. வாங்கும் பொறுப்பு பாதுகாப்பு அதிகாரி ராசாங்கத்துக்கு. அங்கே காவலாளியாக இருந்த மாயவன், உபைத்திடம் கண்ணாடி போட்டவன், "வாங்குறதுக்கு முந்தி உபைத் பாய்ட்ட காட்டுங்க சார், அவரு கண்ணுக்குத் தப்பாது" என்று சொல்லியிருந்தான். ராசாங்கம் ஆறு பெட்டிகளோடும் விற்கிறவரோடும் வந்து இறங்கினார்.

உபைத்தைப் பார்த்ததும் கவுஸ் படியிலேயே நின்றுவிட்டார்.

மூவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். மணி நாலு இருக்கும். உபைத் ஒவ்வொன்றாக எடுத்தான். குறை கிடைக்கும் என்ற ஆசை இருந்தது. கையை நீட்டி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். கண் வைக்கும் இடத்தில் விழுந்த வெளிச்ச வட்டம் ஓரம் வெட்டுப்படாமல் முழு உருண்டையாக இருந்தது. கண்ணாடிப் பூச்சு திருவிழாக்கடைச் சாமான்போல் சிவப்பாக மின்னாமல் ஆழ்ந்த பச்சையில் இருந்தது. ரயிலடிப் பக்கத்து மின்கம்பியைப் பார்த்தான். இரண்டு குழாயிலும் கம்பி ஒரே கம்பியாகச் சேர்ந்தது. தூரத்துச் சிமெண்ட் ஆலைப் புகைக்கூண்டின் விளிம்பில் நிறம் பிரியவில்லை. பக்கெட் தண்ணீரில் ஒன்றை முக்கி எடுத்தான். ஒரு குமிழிகூட வெளியே வரவில்லை. எட்டுக்கு நாற்பத்திரண்டு. அந்த விலைக்கு ஷார்ஜாவில்கூட அவன் இதைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பான்.

ராசாங்கம் ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலடியைப் பார்க்கக் கைப்பிடிச் சுவர் ஓரம் போனார். கவுஸ் மெல்லக் கேட்டார்: "நல்லாருக்குல்லப்பா?"

உபைத் அவரைக் கடந்து நடந்தான். "வேணாம் சார். ரெண்டு மழைக்குத் தாங்காது. உள்ள பனி புடிச்சிரும். பெட்டிதான் ஒரிஜினல்."

"வல்லாஹி, மாலு ஒரிஜினல் சார்!" கவுஸ் குறுக்கே வந்தார். "நானே கம்பெனியில இருந்து..."

உபைத் அவர் காதருகே குனிந்தான். "எட்டு வருஷத்துக்கு முந்தி நானும் வல்லாஹின்னுதாண்ணே சொன்னேன்."

கவுஸ் பெட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினார். இவன் ஏன் பொய் சொல்கிறான் என்று விளக்கப் போனால் ஷார்ஜாக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு பெட்டிகளையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கியவரின் முதுகை, தெருமுனை திரும்பும் வரை, உபைத் மாடியிலிருந்து வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் ஆக்கிய சோறு அவனுக்குச் சாயங்காலமும் இனித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ராசாங்கத்துக்கு வேறொன்றைச் சொல்லியாக வேண்டுமே. திருச்சியில் கிடைக்கும் ஒரு ரகத்தைச் சொன்னான். வெயில் காலத்துக்குப் பரவாயில்லை, ஆனால் ஈரம் புகாமல் அடைத்ததில்லை. அது அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதையெல்லாம் யோசிக்கிற மனசு அவனுக்கு இல்லை.

ஐப்பசி மழையில் மாயவன் கையிலிருந்த பைனாகுலரின் உள்ளே பனி பிடித்தது. துடைத்தாலும் போகாத பனி. ஆள் இல்லை என்று நினைத்துப் பச்சைக்கொடி காட்டினான். கருவேலம் புதருக்குப் பின்னால் பாப்பாத்தி என்றொரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பறந்து வந்த கல் அவள் வலது தோள்பட்டை எலும்பை முறித்தது. உயிருக்கு ஆபத்தில்லை. மாயவன் பார்க்காமலே கொடி காட்டிவிட்டான் என்று எழுதி அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அவன் கடைக்கு வந்தான். "பாத்தேன் பாய். கண்ண வச்சுத்தான் பாத்தேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

உபைத் அடுத்த லென்ஸைச் சக்கரத்தில் வைத்தான். மூன்றாம் நாள் மர்ஜியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அவரு ஒருத்தர் சோத்துலதான் மண்ண போட்டாரு. நீங்க ரெண்டு பேரு சோத்துல போட்டிருக்கீங்க" என்றாள்.

மறுநாள் காலை உபைத் சுரங்க ஆபீசுக்குப் போனான். "சார், அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அந்த ஆறும் நல்ல மாலு. நான் சொன்னதைக் கேட்டு வாங்குனீங்களே, அதுலதான் பனி புடிக்கும். மாயவன் மேல தப்பில்ல."

ராசாங்கம் எழுந்து நின்றுவிட்டார். "ஏன்யா பொய் சொன்ன?"

"எனக்கும் அந்தாளுக்கும் பழைய பகை."

"உன் பகைக்கு எங்க ஆளுக உசுரா கெடச்சுது?" அதற்கு மேலும் திட்டினார். உபைத் நின்று கேட்டுக்கொண்டான். மாயவனைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். பாப்பாத்தியின் வைத்தியத்தைச் சுரங்கமே பார்த்துக்கொண்டது. உபைத் அவள் வீட்டுக்குப் போனபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடை முதலாளி, இனி வெளியாட்களுக்கு எதையும் சோதித்துச் சொல்லக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும்விட அவனை எரித்தது வேறு. ராசாங்கம் அந்த ஆறையும் கவுஸிடமே வாங்கினார். எட்டு வருஷம் காத்திருந்து, கடைசியில் தன் வாயாலேயே கவுஸுக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்தாயிற்று!

கவுஸ் ஒரு இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். தலையில் நரை கூடியிருந்தது.

"மன்னிச்சிருப்பா உபைத். அன்னிக்கு எனக்குப் பயம். புள்ளகுட்டிக்காரன். நீ சின்னவன், எப்படியாச்சும் பொழச்சுக்குவன்னு நெனச்சேன்."

"மாத்துனது யாரு?"

"நான்தான்."

"இத லப்பைக்குடிகாட்டுக் கடைத்தெருவுல நின்னு சொல்லுங்க. எங்க அத்தா காதுல விழுற மாதிரி."

கவுஸ் தரையைப் பார்த்தார். "பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கேன்பா. இப்பப் போயி எப்படி..."

"அப்ப பெட்டிய எடுத்துக்கங்க. நான் ஆபீசுல போயி சொன்னது மாயவனுக்காக. உங்களுக்காக இல்ல."

கவுஸின் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் கடைத்தெருவில் எதையும் சொல்லவில்லை. உபைத் கேட்டு ஆளும் அனுப்பவில்லை. மர்ஜியா மட்டும், "இன்னுமா மனசு ஆறல?" என்று ஒரு தடவை கேட்டாள். "ஆறல" என்றான், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

2007 பெருநாள் தொழுகைக்கு உபைத் ஊருக்குப் போயிருந்தான். தொழுகை முடிந்து எல்லோரும் தழுவிக்கொள்ளும்போது கவுஸ் எதிரே வந்து சலாம் சொன்னார். பதில் சலாம் சொல்வது கடமை. உபைத் உதட்டை அசைத்தான். சத்தம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அத்தாவின் கையைப் பிடித்து வெளியே நடந்தான்.