ஆணியில் தொங்கிய வார்

பம்மலில் தினகரனின் பட்டறைக்கு வழி கேட்டால், "கால் கம்பெனியா?" என்பார்கள் ஷேர் ஆட்டோக்காரர்கள். அங்கே கால் செய்வதில்லை. செயற்கைக் கால் கழன்று விழாமல் தொடையோடு சேர்த்துக் கட்டுகிற தோல் வாரைத் தைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். அப்பா சம்பத் தொடங்கிய பட்டறை அது. அவர் போனபின் தினகரன் முதலாளியானான். ஆட்களை எப்படி உற்சாகமாக வேலை செய்ய வைப்பது என்று தாம்பரத்தில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போய் வந்தான். அதிலிருந்து அவனுக்குப் புத்தி கொஞ்சம் கூடிப்போயிற்று.

நாலு பேர் கண்ணில் படும்படி பாராட்ட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பட்டறையின் மூத்த தையல்காரி அருள்மேரியின் போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, 'இம்மாதச் சிறந்த ஊழியர்' என்று எழுதி மாட்டினான். மாட்டிய இடம்தான் வினை. ஆபீஸ் சுவரில் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, காலமான அப்பா என்று வரிசையாகப் படங்கள் இருந்தன. அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி சும்மா இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பெருக்கித் துடைக்கும் ரத்தினபாய் எல்லாப் படங்களுக்கும் பூப்போட்டாள். புதிதாக ஒன்று வந்திருப்பதைப் பார்த்து அதற்கும் ஒரு முழம் சாமந்தி வைத்து, நெற்றியில் பொட்டும் இட்டாள்.

அருள்மேரி உள்ளே வந்து, செத்தவர் பக்கத்தில் மாலையோடு தொங்கும் தன் முகத்தைப் பார்த்தாள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"இன்னா சார், உசுரோட கீறேன். அதுக்குள்ள மாலை போட்டுட்டீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏதோ ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மறுநாளே செய்தி வந்தது. அவள் போனால் மற்றவர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள், அப்பாவின் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். தினகரன் போட்டோவைக் கழற்றி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து வீட்டுக்கே போனான்.

"மன்னிச்சிடும்மா. மரியாதை பண்ணணும்னுதான் நெனச்சேன்."

"பூ வெச்சது ரத்தினக்கா. அது வெள்ளந்தி, அத்தப் போயி இன்னா சொல்றது?" காபி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். "அதுக்காவ நான் வேலைய வுட்டு நிக்கல சார். கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து வார் தெச்சிகினு கீறேன். அத மாட்டிகினு ஒரு ஆளு நடக்கிறத ஒரு தபா கூட பாத்ததில்ல. சரியில்லன்னு திரும்பி வர்ற வாரத்தான் பாத்துகீறேன். நல்லா தெச்சது எங்க போச்சு, யாருக்குப் போச்சு, ஒண்ணும் தெரியாது. எதுக்குத் தெக்கிறோம்னே மறந்து பூடுது."

தினகரனும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் விசாரித்ததில் குன்றத்தூர் மாரியின் பெயரைச் சொன்னார்கள். காய்கறி வண்டிக்காரர், விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நடக்க வந்ததும் மலைக்கோயிலுக்கு ஏறி வருவதாக முருகனிடம் வேண்டியிருந்தார். கிருத்திகையன்று ஏறப் போகிறார் என்று தெரிந்ததும், தினகரன் பட்டறைக்கு லீவு விட்டு எல்லோரையும் வேனில் கூட்டிப்போனான். அருள்மேரியும் வந்தாள். பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மாரி வேட்டியை மடித்துக் கட்டினார். தொடையில் வார் தெரிந்தது. முதல் படியில் நல்ல காலை வைத்தார். பிறகு மற்றதைத் தூக்கினார். அந்தக் கால் முழுவதும் அந்த வாரில் தொங்கியபடி மேலே எழும்பியது, படியில் பதிந்தது. மறுபடி எழும்பியது. கோயிலுக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் அவரைப் பிடிக்கவில்லை, அவரும் எதையும் பிடிக்கவில்லை. தையல்காரிகள் பின்னாலேயே ஏறினார்கள். தினம் மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்புகிற சாமான் ஒரு மனிதனை மலையேற்றுவதை தினகரன் பார்த்துக்கொண்டே ஏறினான்.

அருள்மேரி மாரியின் முகத்தைப் பார்க்கவேயில்லை. வாரை மட்டுமே பார்த்தாள். பக்கிள் ஓரத்தில் தையலை மடக்கி இரண்டாகப் போடுவது அவள் ஒருத்திதான். உச்சிப் படியில் அந்த மடக்கு நன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாரி சாமி கும்பிட்டு வந்து உட்கார்ந்ததும் அருள்மேரி அவருக்குக் கீழ்ப்படியில் போய் அமர்ந்தாள்.

"எங்கனா அறுக்குதாண்ணா?"

"வேர்த்தா பக்கிள் கிட்ட லேசா ஒரசுதும்மா. மத்தபடி இது பொய்க் காலுங்கற நெனப்பே வரல."

அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தினகரனைத் திரும்பிப் பார்த்து, "அந்த எடத்துக்கு மெத்துனு லைனிங் குட்த்தா சரியாப்பூடும். நாளிக்கு வந்து தெச்சிப் பாக்குறேன் சார்," என்றாள்.

எக்ஸ்போர்ட் கம்பெனியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

புது வார் வாங்க வந்த மாரி, வியர்வையில் கறுத்துப்போன பழையதை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். அருள்மேரி அதைக் கொண்டுபோய் அந்தக் காலி ஆணியில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை ரத்தினபாய் பூவோடு வந்தாள். பிள்ளையார், மாதா, பெரிய முதலாளி என்று முடித்து, வாரை ஒரு பார்வை பார்த்து, அதற்கும் சாமந்தியைச் சுற்றினாள். தினகரன் பதறிப்போய் எழுந்து ஓடினான்.

"வுடுங்க சார்," என்றாள் அருள்மேரி. "அதுக்குப் போடலாம்."