அண்ணைக்குப் பதினொன்றேகால், எனக்குப் பன்னிரண்டேகால்

நான் கோபக்காரன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துப் பாவம் பார்க்க வேண்டாம். மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். எனக்கு மூக்கு முழுக்கக் கோபம்தான். என் மனைவியைக் கேட்டால் அதற்கு மேலேயும் சொல்லுவாள்.

லண்டனில் இருபது வருடம் லொறி ஓடினேன். என்னை அந்த வேலைக்குப் பிடரியில் பிடித்துத் தள்ளிவிட்டவர் அண்ணை. என்னைவிட ஏழு வயது மூத்தவர், எனக்கு முன்னமே இங்கே வந்து லொறி ஓடிக்கொண்டிருந்தவர். நான் பெற்றோல் செட்டில் கல்லாவில் நின்று வாற போற சனத்தோடு எல்லாம் சண்டை கொழுவிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டேய், உன்ர வாய்க்கு முன்னால மனுசர் நிண்டால் சரிவராது. லொறியை எடு. உள்ளுக்குத் தனிய இருந்து கத்து, ஒருத்தருக்கும் கேக்காது."

அவர் சொன்னது சரிதான். லொறிக்குள் நான் திட்டாத ஆள் இல்லை.

நாங்கள் இருவரும் வேறு வேறு கம்பனி. ஆனாலும் இரண்டு பேருக்கும் டில்பரி துறைமுகப் பக்கம்தான் ஓட்டம். நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் நிற்பாட்டியே ஆக வேண்டும், அது சட்டம். அந்த முக்கால் மணித்தியாலத்தை நாங்கள் ஏ13 பாதையோரத்தில், பார்க்கிங் என்ற ஊரைத் தாண்டி இருந்த ஒரு லொறிக்காரர் சாப்பாட்டுக் கடையில் கழித்தோம். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். முன்னால் கல்லும் சேறுமாக ஒரு பெரிய வளவு, அதில் இருபது லொறி நிற்கும். உள்ளே போனால் எண்ணெய்ப் புகையில் கண்ணாடி எல்லாம் வேர்த்திருக்கும். மேசைகள் தரையோடு ஆணி அடித்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சோஸ் போத்தல், ஒரு மண்ணிறச் சோஸ் போத்தல். தேத்தண்ணி அரை லீட்டர் கோப்பையில் வரும், செங்கல் நிறத்தில். வேறெங்கும் குடிக்க ஏலாத தேத்தண்ணி அது, அங்கே மட்டும் அமிர்தமாக இருக்கும்.

கடையை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எல்லா ட்ரைவரும் அவருக்கு 'லவ்'தான். வெள்ளிக்கிழமை நாங்கள் மரக்கறி என்று அண்ணை ஒருதரம் சொன்னதுக்கு, அடுத்த கிழமையே எங்கள் சிப்ஸ் பொரிக்க ஒரு புதுத் தாச்சி வாங்கி வைத்திருந்தார். அதில் பன்றி இறைச்சி போட்ட சமையல்காரப் பெடியனுக்கு எங்கள் முன்னாலேயே விழுந்த ஏச்சு இருக்கிறதே! அண்ணை வேறு சும்மா இருக்காமல், ஒரு சின்னப் போத்தலில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் கொண்டுவந்து அவித்த பீன்ஸுக்கு மேலே தூவுவார். பக்கத்து மேசை ஸ்கொட்லாந்துக்காரன் ஒருவன் ருசி பார்க்கிறேன் என்று கரண்டியால் அள்ளிப் போட்டு, கண்ணால் மூக்கால் தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டு முடித்தான். அன்றைக்கு அண்ணை சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது.

பதினொரு வருடம் அப்படி ஒரே மேசையில் எதிரெதிராக இருந்து சாப்பிட்டோம். பிறகு நான் அதைக் குழப்பினேன்.

அண்ணைக்கு ஒரே ஒரு மகள். அவள் வயதுக்கு வந்ததும் செய்த சாமத்திய வீட்டுக்குக் கொலியர்ஸ் வுட் பக்கம் பெரிய ஹோல் எடுத்திருந்தார்கள். அந்த அழைப்புக் கார்ட்டை அண்ணை எனக்கு எங்கே வைத்துத் தந்தார் என்றால், அந்தக் கடை மேசையில். சட்டைப் பைக்குள் இருந்து எடுத்து, இரண்டு சோஸ் போத்தலுக்கும் நடுவால் நீட்டினார்.

"இந்தா. மனுசியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வெள்ளெனவே வந்திடு."

நான் கார்ட்டைத் தொடவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரியும், கொண்டாட்டத்துக்குப் புருசனும் பெண்சாதியுமாக வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். கண்டவன் நின்றவனுக்கு எல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, கூடப் பிறந்தவனுக்குப் பன்றி பொரிக்கும் கடையில் வைத்தா?

"ஊருக்கெல்லாம் வீட்டை போய்ச் சொன்னனியள். நான் என்ன றோட்டிலயோ கிடக்கிறன்?" என்றேன்.

"டேய், நீ வேற ஆளோடா? உனக்குமோ நான் வீடு வந்து சொல்ல வேணும்?"

இப்போது அந்தக் கேள்வி எனக்கு விளங்குகிறது. நான் வேறு ஆள் இல்லை என்றுதான் அந்த மனுசன் சொன்னார். அன்றைக்கு என் காதில் அது ஏறவில்லை. கார்ட்டை அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன். சாமத்திய வீட்டுக்குப் போகவில்லை, மனைவியையும் பிள்ளைகளையும் விடவில்லை. மனைவி ஒரு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள். அண்ணையும் அண்ணியும் பிறகு வீட்டுக்கு வந்தார்கள், பலகாரத்தோடு. நான் மேல்மாடியில் இருந்து இறங்கவில்லை. அண்ணை கீழே அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நாலு வருடம். ஆனால் கடையை இரண்டு பேரும் விடவில்லை. அண்ணைதான் விலகிக்கொண்டார். வழமையாகப் பன்னிரண்டேகாலுக்கு வருகிறவர், வெள்ளெனப் புறப்பட்டு ஓய்வைப் பதினொன்றேகாலுக்கு மாற்றிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு அவருடைய நீல லொறி வளவை விட்டு வெளிக்கிடும், பன்னிரண்டேகாலுக்கு நான் உள்ளே வருவேன். யாரும் இதை வாய் விட்டுப் பேசி ஒழுங்கு செய்யவில்லை. அவர் கொஞ்சம் சுணங்கினால் நான் பாதையோரத்தில் நிற்பாட்டிக் காத்திருந்துவிட்டு வருவேன். கடைக்கார அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் வந்து குந்தியதும், உன் அண்ணன் இப்போதுதான் போனான், கதிரை இன்னும் ஆறவில்லை, இரண்டு பேருக்கும் மண்டைக்குள் என்ன களிமண்ணா என்று கேட்பார். நான் முட்டையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஒருதரம் வளவு வாசலில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். முன்பின் தெரியாத லொறிக்காரன் என்றாலும் எதிரே வந்தால் ஸ்டியரிங்கில் இருந்து கையைத் தூக்கிக் காட்டுவது எங்கள் வழக்கம். அண்ணை தூக்கினார். நான் பக்கத்துக் கண்ணாடியைச் சரி பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு இருபதுக்கு வந்தேன். நீல லொறி போகவில்லை. பாதையோரத்தில் நிற்க இடமும் இல்லை, வேறு வழியில்லாமல் வளவுக்குள் விட்டேன். அண்ணையின் லொறிக்குப் பக்கத்து லொறி அப்போதுதான் வெளிக்கிட்டுப் போனது, அந்த இடத்தில் விட மனமில்லாமல் அதற்கு அடுத்ததில் நிற்பாட்டினேன். அவருடைய முன்கண்ணாடிக்குத் திரை இழுத்து மூடியிருந்தது. படுக்கிறவர்கள் அப்படித்தான் மூடுவார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு என் நேரம். தெரிந்து தெரிந்து என் நேரத்தில் நித்திரை கொள்ளுகிறாரா? என்னைப் பட்டினி போடவா? "கிடவுங்கோ, நல்லாக் கிடவுங்கோ" என்று உள்ளுக்குள் இருந்து கத்தினேன். இறங்கினேனா என்றால் இல்லை. இறங்கினால் நான் தோற்ற மாதிரி. எஞ்சினை நிற்பாட்டாமல், மணிக்கூட்டையும் அந்தத் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தேன். ஒரு மணிக்குக் கிட்டப் பொறுமை போய் வெளிக்கிட்டேன். மூன்று மைல் தள்ளி ஒரு வான் வண்டியில் விற்ற காய்ந்த பர்கரை, அதையும் திட்டிக்கொண்டே, தின்றேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு நீல லொறி இன்னும் நிற்கிறதே என்று கடைக்கார அம்மா போய்த் தட்டியிருக்கிறார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி:

"தம்பி, நீங்கள் இண்டைக்கு அந்தப் பக்கம் போகேல்லையோ?"

"இல்லை அண்ணி. வேற பக்கம் அனுப்பிப்போட்டாங்கள்."

யோசிக்காமலே வந்த பொய். இருந்த ஒரே பிள்ளையும் பெண் என்றபடியால் கொள்ளிக்கு உரியவன் நான். வேட்டி கட்டிக்கொண்டு, ஐயர் சொன்னதை எல்லாம் செய்து, சுடலை மண்டபத்தில் பெட்டியை நெருப்புக்குள் அனுப்பும் பொத்தானை அழுத்தினதும் நான்தான். எனக்குப் பக்கத்தில் அண்ணையின் மகள் நின்றாள். நான் கொண்டாட மறுத்த பிள்ளை. என் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தாள்.

எத்தனை மணிக்கு உயிர் போனது என்று டொக்டர் திட்டமாகச் சொல்லவில்லை, மத்தியானத்துக்குக் கிட்ட என்றார். நான் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டுக்கு முதலே போயிருப்பார். நான் வரும்போது அந்தத் திரைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் இறங்கிப் போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது. ஒன்பது வருடம் எனக்குச் சோறு இறங்கினது அந்தக் கணக்கில்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் நான் கால் வைக்கவில்லை. கம்பனியில் கெஞ்சி வேறு பாதை வாங்கினேன். பிறகு முழங்கால் கொடுத்த கரைச்சலில் வேலையையே விட்டேன். போன வருடம் பழைய ட்ரைவர் ஒருவர் போன் எடுத்து, கடையை மூடுகிறார்கள், வளவை விற்றாயிற்று, சனிக்கிழமை கடைசிக் காலைச் சாப்பாடு, எல்லாரும் வருகிறோம் என்றார். வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். சனிக்கிழமை போய் நின்றேன்.

நரைத்த தலைகள் நிறைய. ஆளாளுக்குக் கதை. பாதையைப் பனி மூடிய நாட்களில் எல்லாரையும் கதிரையில் படுக்க விட்டு அம்மா போர்வை தந்த கதை ஒருவருக்கு. சுவரில் இருந்த காசு போடும் போனில்தான் தனக்கு மகன் பிறந்த செய்தி வந்தது என்று இன்னொருவர் சொல்லி, சொல்லும்போதே அழுதுவிட்டார். எல்லாரும் அவரை நக்கலடித்துச் சிரித்தார்கள். என் முறை வந்தபோது கறித்தூள் கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கடைக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கு வயது போய்விட்டது, ஊன்றுகோலோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். நீ ஏன் அன்றைக்கு உள்ளே வரவில்லை லவ் என்று கேட்டார். உன் அண்ணன் போகாமல் நின்றது உனக்காகத்தான், தெரியுமா என்றார். இன்றைக்குத் தம்பியோடு கதைத்துவிட்டுத்தான் போவது என்று இரண்டாவது தேத்தண்ணியும் வாங்கிக் குடித்தாராம். பிறகு நெஞ்சு எரிகிறது, கொஞ்சம் படுக்கிறேன், தம்பி வந்தால் லொறிக் கதவில் தட்டச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் வருவேன், வந்ததும் சொல்லலாம் என்று கடைக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்ததாக அம்மா சொன்னார்.

நான் அன்றைக்கு வரவில்லை என்று அவருக்கும் அதே பொய்யைச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பஸ்ஸில் இருந்து அழுதேன், சனம் பார்க்கப் பார்க்க.

அடுத்த நாள் ஞாயிறு. கொலியர்ஸ் வுட்டில் அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி சமைத்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணி, நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான். அண்டைக்கு நான் அங்க போனனான். அண்ணையின்ர லொறியைக் கண்டனான். கோவத்தில இறங்கேல்லை."

அவர் அடுப்பை நிற்பாட்டினார். ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நல்லாக இருக்கும் என்று நின்றேன்.

"எத்தினை மணிக்கு, தம்பி?"

"பன்னிரண்டு இருபதுக்குப் போனனான். ஒரு மணிக்குக் கிட்ட வெளிக்கிட்டனான்."

அண்ணி கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் அந்தப் பக்கம் போகேல்லை எண்டு சொன்னபடியாத்தான் நான் இவ்வளவு நாளும் உங்களுக்கு இதைச் சொல்லேல்லை. சொன்னால் நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு நினைச்சன். அண்டைக்குக் காலமை நான்தான் அவரைக் கலைச்சனான், தம்பியோட கதைக்காமல் வீட்டை வராதேங்கோ எண்டு. பன்னிரண்டரை தாண்டிப் போன் எடுத்துக் கேட்டனான், கதைச்சாச்சோ எண்டு."

"எடுத்தவரோ?"

"ஓம். எடுத்தவர். நல்லாத்தான் கதைச்சவர். 'அவனை இன்னும் காணேல்லை, படுத்திருக்கிறன், வந்து தட்டுவான்' எண்டவர்."

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு லொறி நிற்கிற இடம்தான் இருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து என் அண்ணையைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் அந்தத் திரைக்குப் பின்னால் உயிரோடு படுத்திருந்தார், நான் தட்டுவேன் என்று.