நேர்ந்துவிட்ட கிடாயின் பித்தப்பை

எங்கள் மலை ஊரில் சாமிக்குக் கிடாய் வெட்டினால் ஈரலைப் பிரிக்கும் வேலை என்னுடையது. ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பையை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் கறியெல்லாம் கசந்துபோகும். வெற்றிலை போல மெல்லிய பை அது. உள்ளே பச்சையாகப் பித்தநீர் ஆடுவது வெளியே தெரியும். கண்ணை மூடிக்கொண்டே எடுப்பேன் என்று நான் பீற்றிக்கொள்வதும், "ஆமா, பெரிய டாக்டரு" என்று என் மனைவி கேலி செய்வதும் வழக்கம்.

அவளுக்குத்தான் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சுருண்டுவிடுவாள். வாயு என்றார்கள். வலிக்கிற இடத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைப்போம், வலி போய்விடும். சூட்டுக்கு வலி கேட்கிறது என்று மலையே நம்பியது, நாங்களும் நம்பினோம். அது தானாகப் போய்த் தானாக வருகிற வலி என்று யாருக்குத் தெரியும்? அவளும் வலி தீர்ந்தால் கிடாய் வெட்டுவதாகச் சாமிக்கு நேர்ந்துகொண்டாள். வருஷங்கள் ஓடின. அவள் விலாவில் இனித் தழும்புக்கு இடமில்லை.

கண் மஞ்சளான பிறகுதான் கம்பில் தூளி கட்டிச் சேந்தமங்கலத்துக்கு இறக்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் சேலம். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். கொண்டைக்கடலை அளவில் கற்கள். பக்கத்தில் அறுத்து விரித்த பை. அதைப் பித்தப்பை என்று என்னால் நம்பவே முடியவில்லை. செருப்புத் தோல் தடிமனில் வெளுத்துக் கிடந்தது.

"கல்லு உரசி உரசிப் புண்ணாகியிருக்கு. ஆறிப் புண்ணாகி, ஆறிப் புண்ணாகி, தோலே மாறிப்போச்சு" என்றவர், கெட்டியாகப் புடைத்திருந்த ஓர் இடத்தைத் தொட்டார். "இது வெறும் தடிப்பு இல்லப்பா. புத்துநோய். ஈரலுக்குள்ளயும் இறங்கிடுச்சு. அங்கே இருக்கறதை எடுக்க முடியல."

அவளிடம் கற்களை மட்டும் கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"சனியன் வெளிய வந்துருச்சுங்க. ஊட்டுக்குப் போனதும் நேந்துவிட்ட கிடாய வெட்டிப்போடோணுமுங்க."

"வெட்டிரலாம் புள்ள" என்றேன்.

வெட்டினோம். ஈரலைக் கையில் எடுத்தேன். பித்தப்பை பச்சைப்பசேலென்று, துளி தடிப்பில்லாமல் இருந்தது. ஆட்டுக்குக் கொடுத்ததை இவளுக்குக் கொடுக்கவில்லையே என்று சாமி மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வெடுக்கென்று இழுத்தேன், பை உடைந்தது.

பந்தியில் முகம் சுளிக்காத ஆளில்லை. "நெசமாவே கண்ண மூடிட்டுத்தான் எடுத்தீங்களா மச்சான்?" என்று அவள் தம்பி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கறியைச் சாமைச் சோற்றில் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள்.

"கசக்குது, வெச்சுரு புள்ள" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"கறி கசக்குதுங்களா? எனக்குக் கொஞ்ச நாளா எதத் தின்னாலும் இப்படித்தானுங்க இருக்குது."