சிக்னல் எரியாத வண்டிகளும் எங்கள் அண்ணனும்

எங்கள் துக்கத்தில் பக்கத்தில் நின்ற உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம் சொல்லி, அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்காகத் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். எழுத வேண்டியது தம்பிதான். அவனுக்குக் கொழும்பில் வேலை அதிகமாம். "நீங்கதானக்கா கூட இருந்தீங்க, நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டான். கூட இருப்பவள் தலையில்தான் எல்லா வேலையும் விழும் என்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அண்ணனைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுவதைவிட நான் எழுதுவது நல்லது.

அண்ணன் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். மூத்த பிள்ளை. அப்பா கண்மூடியபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கொழுந்துக் கூடையை மட்டும் நம்பி வீடு ஓடாது என்று புத்தகப் பையை எனக்குக் கொடுத்துவிட்டு, மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் மோட்டார் சைக்கிள் கராஜில் சேர்ந்தார். அங்கே வயரிங் வேலை அவருக்குப் பிடித்துப்போனது. கிரீசும் எண்ணெயும் ஆகாத மனிதர் அவர். சோற்றில் ஒரு முடி கிடந்தால் எழுந்துவிடுவார். வயர் வேலையில் கை சுத்தமாக இருக்கும் என்பதுதான் உண்மையான காரணம் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு பலாபத்வலையில், பெரிய ரோட்டை ஒட்டிச் சொந்தமாகக் கடை போட்டார். தம்பியைப் படிக்கவைத்தார். என்னைக் கட்டிக்கொடுத்தார். அம்மாவைக் கடைசிவரை முகம் கோணாமல் பார்த்தார். என் கணவர் தவறியபோது, "சாமான கட்டிக்கிட்டு வா தங்கச்சி" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று பலர் சொன்னார்கள். அவரைக் கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பார்.

எல்லா வயரிங் வேலையும் செய்வார் என்றாலும், திரும்பும் பக்கம் காட்டும் சிக்னல் விளக்கு பழுது என்று வந்தால் ஆளே மாறிவிடுவார். "எஞ்சின் பழுதுன்னா வண்டிய தள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. சிக்னல் எரியலன்னு எவன் வண்டிய நிப்பாட்டுறான்?" என்பார். கடை வாசலில் நாள் முழுக்க லொறிகள் பறக்கும். அவர் கவலைக்குக் காரணம் இருந்தது.

சரஸ்வதி பூசை முடிந்த கையோடுதான் கடையில் கூட்டம். நம் ஆட்கள் வண்டிக்குக் காட்டும் மரியாதை அப்படி. மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள். சிக்னல் கண்ணாடியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைப்பார்கள். தண்ணீர் பல்ப் குழிக்குள் இறங்கிப் பச்சைக் களிம்பு பூத்துவிடும். "சாமி கும்புட்டதுல இருந்து சிக்னல் வேல செய்யல பாஸ்" என்று வந்து நிற்பார்கள். அண்ணன் சிரிக்காமல், "சாமி மேல பழிய போடாதீங்க" என்பார்.

சிறுநீரகம் பழுது என்று டாக்டர் சொன்ன பிறகும் இதே கதைதான். இரத்தம் சுத்தம் செய்யும் மெசினுக்காக டவுன் ஆஸ்பத்திரிக்குக் குறித்த நாள் தவறாமல் போக வேண்டும். போய் வந்தால் துவண்டு கிடப்பார். "கடைய மூடிட்டு ஓய்வெடுங்க அண்ணே" என்று நான் சொல்லாத நாளில்லை. "சரி சரி" என்பார். காலையில் பார்த்தால் கடை திறந்திருக்கும். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

ஒரு மெசின் நாளில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் வெளுத்த சேர்ட் போட்டுக்கொண்டு கடை வாசல் நாற்காலியில் இருக்கிறார். நான் பையோடு பஸ்ஸைப் பார்த்து நிற்கிறேன். ரத்தோட்டைப் பக்கம் பால் கொண்டுபோகும் தம்பி ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வலப்பக்க சிக்னல் நினைத்தால் எரியும், நினைத்தால் எரியாது. வேறு கடைகளில் பல்ப் மாற்றியாயிற்று, விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரையும் மாற்றியாயிற்று.

"சிக்னல போட்டுட்டு ஹேண்டில மெதுவா திருப்புங்க" என்றார் அண்ணன். நேராக இருக்கும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டது. வலப்பக்கம் திருப்பியதும் நின்றது.

"பூசைக்கு மால கட்டுனீங்களா?"

"ஆமா பாஸ். பறக்காம இருக்க கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன்."

அதே நேரத்தில் பஸ் வந்தது. நான் கூப்பிட்டேன், அண்ணன் காதில் விழவில்லை. பஸ் போய்விட்டது. "மெசின் நாளுன்னு தெரியுமா தெரியாதா? ஒங்களுக்கு உசுரு பெருசா, அந்த பல்பு பெருசா?" என்று ரோட்டில் நின்று கத்தினேன்.

"பொறு புள்ள. இவரு திரும்புறது பின்னுக்கு வாற லொறிக்காரனுக்கு எப்புடி வெளங்கும்?"

ஹேண்டிலுக்குக் கீழே, மாலைக் கம்பி இறுக்கிய இடத்தில், வீங்கிய விரல்களால் ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பார்த்தார். வெளியே ஒரு கீறல் இல்லை. ஒரு வயர் மட்டும் ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. புதுத் துண்டு வைத்து ஈயம் பற்றவைக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நான் கோபத்தோடு வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய?

முடித்ததும் அந்தத் தம்பியே அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகும் கடை திறந்துதான் இருந்தது. ஒரு நாள் காலையில் அவராகவே, "தங்கச்சி, இன்னைக்கி கடைய தொறக்காத. கொஞ்சம் ஓய்வா இருக்கிறேன்" என்றார். இத்தனை காலம் கெஞ்சியதற்குக் கிடைத்த சம்மதம். ஆனாலும் அவரை எழுப்பத்தான் பார்த்தேன். "ஒரு வண்டி வந்து நிக்குதுண்ணே, சிக்னல் எரியலையாம். வாங்க பாப்போம்" என்று பொய் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமல், "நாளைக்கி வரச் சொல்லு" என்றார். யாரையும் அவர் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை. அந்த வாரத்திலேயே எங்களை விட்டுப் போனார்.

சிக்னல் திருத்திய அந்த நாள் முதல் மெசின் நாள் தவறாமல் அண்ணனை ஏற்றிப்போன அந்தப் பால்காரத் தம்பிக்கும், ஆஸ்பத்திரியில் அவரை முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், செத்த வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்துக் கடை நானா குடும்பத்துக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், தூரம் பாராமல் வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொல்லாமல் விட்டவர்கள் மன்னிக்க வேண்டும். செத்த வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து, "இனியாவது அவரு ஓய்வெடுக்கட்டும்மா" என்றீர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும்.

நான் கேட்ட ஓய்வு இது இல்லை, அண்ணே.